உப்புத் தண்ணீரில் நில்லுங்கள் என்று சொன்னவள்

1

போன வியாழக்கிழமை என் மகளைப் பார்த்து நான் கத்திய கத்தலில் எதிர் ஃபிளாட் மலையாளி அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பதினான்கு வருடமாக இந்த வளைகுடா நகரத்தில் குடியிருக்கிறோம். இந்தக் கட்டடத்தில் யாரும் என் குரலை அப்படிக் கேட்டதில்லை.

ஸஃபாவுக்குப் பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். புது ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. மறுநாள் தோழிகளோடு கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. இந்தக் காலை வைத்துக்கொண்டு கடலுக்கா என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணிதானேம்மா. பட்டா ஆறிடும். நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க," என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும்போதெல்லாம் நான்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அவளுடைய அத்தா தொழுகையை முடித்துவிட்டு ஓடி வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தார். ஸஃபா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராஜாங்கம் அண்ணனைப் பற்றி அவளிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. ஊரிலிருந்து என் குறிப்புகளைப் படிக்கும் உங்களிடமும் சொன்னதில்லை. அவருடைய காலை எடுத்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

2

நான் திருச்சி பாலக்கரைப் பெண். மைக்ரோபயாலஜி படித்தேன். நுண்ணுயிர்களைப் பற்றிய படிப்பு என்று என் அக்காவுக்கு நூறு முறை விளக்கியும், "என் தங்கச்சி ஃபாரின்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுது" என்றுதான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ரத்தம் இல்லை அக்கா, கடல் தண்ணீர் என்றால், "கடல் தண்ணிய யாருடி குடிக்கப் போறா, அதுக்குப் போயி ஒரு ஆபீஸா?" என்பாள்.

குடிப்பதற்கு இல்லை, குளிப்பதற்கு. வாரம் ஒருமுறை கரையில் ஆறு இடங்களில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அங்கேயே அளந்து குறிக்க வேண்டும். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவந்து, வடிகட்டி, தட்டில் வைத்து ஒரு நாள் வளர விட்டால் புள்ளி புள்ளியாக முளைக்கும். சாக்கடையிலிருந்து கடலுக்கு வந்த கிருமிகள் அவை. புள்ளி குறைவாக இருந்தால் கரையில் பச்சைக் கொடி. அதிகமானால் சிவப்புக் கொடி. கொடியின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊரே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிறது.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நாங்கள் எண்ணுகிற அந்தக் கிருமிக்கு வெயில் ஆகாது. இரவெல்லாம் தண்ணீரில் சுகமாக இருக்கும். விடிந்து வெயில் ஏற ஏறச் சாகும். அதனால்தான் விடியற்காலையில் தண்ணீர் பிடிப்பது வழக்கம். உண்மையான நிலவரம் அப்போதுதான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். மரியாதையான மனிதர், குரல் உயர்த்த மாட்டார். இருட்டில் ஊழியர்கள் கரையில் நடப்பது பாதுகாப்பில்லை என்று சொல்லி, தண்ணீர் பிடிக்கும் நேரத்தைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினார். கோடையில் நண்பகலுக்கு மேல் வெளி வேலை கூடாது என்று இங்கே சட்டம். அந்தச் சட்டத்தில் சிக்காமல், வெயில் உச்சத்துக்கு வரும் நேரமாகப் பார்த்து வைத்தார். அடுத்த மாதமே சிவப்புக் கொடிகள் காணாமல் போயின. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது, கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஒரே ஒரு தடவை அவர் அறைக்குப் போய், சார், இந்த நேரத்தில் எடுத்தால் எண்ணிக்கை குறைத்துக் காட்டும் என்றேன். "குறைவது நல்லதுதானே" என்று சிரித்தார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. வாடகை இருக்கிறது, ஸஃபாவின் ஸ்கூல் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3

ராஜாங்கம் அண்ணன் எங்கள் லேபின் டிரைவர். ஜீயபுரத்துக்காரர். ஐம்பது தாண்டியவர், சர்க்கரை வியாதி உண்டு. வாழைத் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். முதல் நாள் என்னை "மேடம்" என்றார். பாலக்கரை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து "தங்கச்சி".

வண்டியில் எங்களுக்குப் பேச்செல்லாம் காவேரியைப் பற்றித்தான். முக்கொம்பில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டு எனக்கு ஒப்பிப்பார். "என்னதான் டவுன்காரங்கன்னு பீத்திக்கிட்டாலும், நாங்க குளிச்ச மிச்சத்தத்தானே நீங்க குடிக்கிறீங்க" என்று சீண்டுவார். ஆற்றின் போக்கில் ஜீயபுரம் மேல்புறம், நாங்கள் கீழ்புறம். அதனால்தான் உங்க ஊர்க்காரங்க புத்தி எங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு அண்ணே என்பேன். ஸஃபாவோடு வீட்டில் நான் பேசும் தமிழைவிட அந்த வண்டியில் பேசிய தமிழ் அதிகம்.

தண்ணீருக்குள் இறங்க வேண்டியது நான். அதற்குப் பயிற்சி பெற்றவள் நான்தான். ஆனால் மேலே போட்ட நீள அங்கியை, அபாயாவை நனைத்துக்கொண்டு ஆறு இடத்தில் இறங்கி ஏறி, ஈரத்தோடு லேபின் ஏசியில் உட்கார்ந்து, முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் விழுந்தேன். அடுத்த வாரம் அவர் சொன்னார்: "நீங்க வண்டியிலயே இருங்க தங்கச்சி. நான் மொண்டுட்டு வரேன்."

பாட்டில் வாயை அலைக்கு எதிராகப் பிடிப்பது, மூடியின் உள்பக்கத்தைத் தொடாமல் திறப்பது, முழங்கை ஆழத்தில் அமிழ்த்துவது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். நான் ஏசியில் உட்கார்ந்து லேபிள் எழுதுவேன். தாளில் "சேகரித்தவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூன்று வருடம், வாரா வாரம், ஆறு பாட்டில். ஒரு நாளும் என் கை கூசவில்லை.

4

போன ஆகஸ்ட். பதினொன்றரை மணி. ஆறாவது இடம்.

அது கடற்கரையின் கோடி. நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர் பெரிய குழாய் வழியாக அங்கேதான் கடலில் விழுகிறது. அந்த மூலையில் கடலுக்குக் கடல் என்ற பெயர்தான், உப்பு பாதி கூட இருக்காது. தண்ணீர் வெந்நீராகக் கொதிக்கும். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வாரா வாரம் அண்ணன் முதலில் ஒரு குவளையில் மொண்டு வந்து கொடுக்கும் தண்ணீரில் நானே அளந்து என் கையால் எழுதியவை.

காலராக் கிருமிக்குப் பங்காளிகள் சில உண்டு. கடலில் பிறந்து கடலிலேயே வாழ்பவை. கடலின் முழு உப்பு அவற்றுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உப்பு குறைந்து, தண்ணீர் சூடாக இருந்தால் கொண்டாட்டம்தான், பெருகித் தள்ளும். வெட்டுக்காயம் வழியாக உள்ளே போனால் சதையைத் தின்னும். சர்க்கரை உள்ளவர்களை விடவே விடாது. எங்கள் தாளில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நாங்களும் எண்ணவில்லை. எந்த வெயிலைக் காட்டி எங்கள் புள்ளிகளைக் குறைத்தார்களோ, அதே வெயில்தான் அந்த மூலையில் இவற்றுக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தது.

பாறையில் வழுக்கி, சிப்பி கிழித்து, அவருடைய கணுக்காலுக்கு மேல் ரத்தம் வந்தது. பாட்டிலைக் கீழே விடவில்லை. என்னைப் பார்த்துக் காலைக் காட்டினார். நான் வண்டிக் கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்:

"உப்புத் தண்ணிதானேண்ணே. ரெண்டு நிமிஷம் அதுலயே நில்லுங்க. ஆறிடும்."

அவர் நின்றார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன், சூடு உள்ளே வருகிறது என்று.

இந்த வாக்கியம் என் வாயில் எங்கிருந்து வந்தது என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். நாங்கள் ஆற்றுக்காரர்கள். எங்களுக்குக் கடல் என்பது வருடத்துக்கு ஒரு தடவை. நாகூர் கந்தூரி விழாவுக்குப் போனால், சிரங்கு பிடித்த பிள்ளைகளை வரிசையாக அலையில் நிற்க வைப்பார்கள். எரியும், அழுவோம். "எரியட்டும், எரிஞ்சாதான் ஓடும்" என்று மாமா தோளைப் பிடித்து அழுத்துவார். ஊருக்குத் திரும்புவதற்குள் புண் காய்ந்திருக்கும். ஜீயபுரத்திலும் இதே கதைதான், அவர்கள் போனது வேளாங்கண்ணி. கடலோரத்தில் பிறந்தவன் எவனும் அந்தக் குழாய் மூலையில் ரத்தக் காலோடு நிற்க மாட்டான். உப்பு என்றால் மருந்து என்று நம்பி நின்றதும், நிற்கச் சொன்னதும் காவேரிக்கரைக்காரர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி பட்டம் வாங்கியவள். அந்த இடத்தில் உப்பு பாதிகூட இல்லை என்று ஐந்து நிமிடம் முன்னால்தான் தாளில் எழுதியிருந்தாள்.

அன்று மாலையே காய்ச்சல். மறுநாள் கால் ஊதி, கத்தரிக்காய் நிறத்தில் கொப்புளங்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர்.

5

அடுத்தது காகிதங்கள். இந்த ஊரில் ஒரு மனிதன் விழுந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் ஒரு படிவம் வந்துவிடும்.

நிர்வாகத்தின் கடிதம் அரபியில் இருந்தது. பின்னால் ஆங்கிலப் பிரதி ஒன்று இணைத்திருந்தார்கள். அதில் மூன்றே மூன்று விஷயங்கள். இவர் டிரைவர், தண்ணீரில் இறங்குவது இவர் வேலை இல்லை. அன்று தண்ணீர் சேகரித்தவர் வேறொருவர் என்று பதிவேட்டில் இருக்கிறது, ஆகவே இவர் தன் விருப்பத்தின் பேரில் கடலில் இறங்கியிருக்கிறார். அன்றைய பரிசோதனைப்படி தண்ணீரின் தரம் நன்று.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஆதாரம் என் கையெழுத்து. குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறித்த மண்வெட்டி நான்.

தமிழ் தெரிந்தவள் என்பதால் அவரிடம் கையெழுத்து வாங்கும்போது என்னைக் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். மேலாளர் பக்கத்தில் நின்று போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். ராஜாங்கம் அண்ணன் மருந்து மயக்கத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன தங்கச்சி போட்டிருக்கு இதுல?"

ஆங்கிலப் பிரதியை நான் வாசலிலேயே இரண்டு முறை படித்திருந்தேன்.

"ஊருக்கு அனுப்புறதுக்குண்ணே," என்றேன்.

இரா. ராஜாங்கம் என்று தமிழில் கையெழுத்துப் போட்டார். வேலையில் பட்ட காயம் இல்லை என்று ஆனது. செயற்கைக் கால் இல்லை, மாற்று வேலை இல்லை. உடல் தகுதி இல்லாதவர் என்ற முத்திரையோடு விமான டிக்கெட்டும் அந்த அரபிக் கடிதத்தின் நகலும் மட்டும் கொடுத்தார்கள்.

6

இந்த ஜூலையில் லீவுக்கு வந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். ஜீயபுரத்து வீட்டு வாசல்படி உயரம், கட்டையை ஊன்றிக்கொண்டு ஏற முடியவில்லை. அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அவர் மனைவி சரோஜா அக்காவும் வந்தார். படியில் உட்கார வைத்தோம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போனது. பக்கத்தில் யாரோ திவசம் கொடுத்துப் பிண்டத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருக்கிற ஒரு காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதுல கால வைக்கலாமா தங்கச்சி? டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார்.

சரோஜா அக்கா சிரிக்கவில்லை. "நான் ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

"வண்டியில இருந்தேன்க்கா."

"அப்ப பேப்பர்ல உங்க பேரு எப்படி வந்துச்சு? என் மாப்பிள்ளை அந்த அரபி லெட்டரை வக்கீல்கிட்ட குடுத்து, அரபி தெரிஞ்ச ஆள வச்சுப் படிச்சுட்டு வந்தாரு. தண்ணி மொண்டது நீங்கன்னு இருக்குதாம். இவரு சும்மா விளையாடப் போனாருன்னு இருக்குதாம்."

"விடு சரோஜா," என்றார் அண்ணன். "அது எப்பவும் போடுற கையெழுத்து. அரபில எழுதிட்டு வந்து நீட்டுனா தங்கச்சிக்கு மட்டும் என்ன தெரியும்? உப்புத் தண்ணில நில்லுன்னு சொன்னதுக்கும் தங்கச்சிய ஏசாத. அவங்க சொல்லலைன்னாலும் நான் நின்னுருப்பேன். சின்னதுலேருந்து அப்படித்தானே."

சரோஜா அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்ததுண்ணே, எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கிளம்பும்போது, "போயிட்டு வரேண்ணே" என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறினேன். பாலம் தாண்டும்வரை கோபம் கோபமாக வந்தது. மேலாளர் மேல், அந்தக் குழாய் மேல், கேக் மேல், மாமா மேல். என்னை நம்பிய அந்த மனிதர் மேல்கூட வந்தது. அவர் நம்பாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7

வியாழக்கிழமை கத்தி முடித்த பிறகு ஸஃபாவின் கதவைத் தட்டி உள்ளே போய் இதையெல்லாம் சொன்னேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, என் குறிப்புகள் எதையும் அவள் படித்ததில்லை. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க மொள்ளலைன்னு எழுதிக் குடுக்க ஒரு வருஷம் எதுக்கும்மா?"

பதினைந்து வருடம் முன்னால் யாராவது என்னிடம் இப்படி ஒரு கதையைச் சொல்லியிருந்தால், நானும் இவளைப் போலத்தான் கேட்டிருப்பேன்.

அவளுடைய அத்தா பயந்தார். "வேலை போயிடும். விசா உன் பேர்ல இருக்கு. புள்ளைக்குப் பத்தாவது வருது," என்றார். மூன்றும் உண்மைதான். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்றேன். சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். சேகரித்தவர் என்ற கட்டத்தில் மூன்று வருடமாக நான் எழுதியது பொய். தண்ணீர் பிடித்தவர் ராஜாங்கம், என் வேலையைச் செய்யும்போது அடிபட்டவர். பதினொரு மணித் தண்ணீரை வைத்துத் தரம் நன்று என்பது ஏமாற்று. அவர் காலைத் தின்ற கிருமியை நாங்கள் தேடவே இல்லை. தேடிப் பார்க்காமல், அது அங்கே இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணீர் வராமல் எழுதினேன், கோபம் அந்த அளவுக்கு உதவியது. ஞாயிற்றுக்கிழமை நிர்வாகத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். திங்கட்கிழமை மேலாளர் என்னை அழைக்கவில்லை. என் லேப் சாவியை மட்டும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டேன். அண்ணே, ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கேன், படிக்கட்டுமா என்றேன். சரோஜா அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அங்கே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது, பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். கடைசி வரி முடிந்ததும் தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரில நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அந்த லெட்டர்ல என்ன இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ண்ணே. இங்கிலீஷ்ல இருந்துச்சு. படிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன்."

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார். எத்தனையோ வருடமாக எனக்குத் தெரிந்த அந்தக் குரலில் முதல் தடவையாகத் தங்கச்சி இல்லை.

"அத அன்னிக்கே படிச்சுக் காட்டியிருக்கலாமே மேடம்," என்றார்.